முற்றத்தில் நாலு பாயிண்ட், கால் போகாது. அடுப்படியில் ஒரு பாயிண்ட், கால் போகும்: கோத்தகிரிக் கிழக்குச் சரிவில் ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரிக்குக் கிழக்கே, மேட்டுப்பாளையத்தைப் பார்த்துச் சரியும் பக்கத்தில் ஒரு ஹட்டி, அதாவது படகர் ஊர். நாற்பது வீடுகள் இருக்கும். கீழே தேயிலை, அதற்குக் கீழே சோலை, அப்புறம் செங்குத்தான இறக்கம். இரவில் முற்றத்தில் நின்றால் மேட்டுப்பாளையம் விளக்குகள் தெரியும். வானம் தெளிந்திருந்தால் கோயம்புத்தூர் வெளிச்சமும் தெரியும். செல்போன் சிக்னலைப் பற்றி ஊர்க்காரர்கள் சொல்லும் புகார்: “முன்னாடி நின்னா நாலு பாயிண்ட் காட்டுதுங்க, கால் போறதில்லை. பின்னாடி அடுப்படியில ஒரு பாயிண்ட்தான், ஆனா அங்கதான் பேச முடியுது.”

ஹட்டியின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இங்கே இல்லை. குன்னூர் டால்பின் நோஸ் பக்கம் தொடங்கி கோடநாடு வரை, சமவெளியை நேருக்கு நேர் பார்க்கும் மலை விளிம்பில் எங்கும் வரக்கூடிய ஒரு கோளாறை ஒரே ஊராகத் தொகுத்து எழுதியது இது. தூரமும் உயரமும் தோராயம். சிக்னலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் டெசிபல் எண்கள் அந்தத் தூரத்துக்குப் போட்ட கணக்கு.

அறிகுறிகள் நான்கு. முற்றத்தில் 4ஜி போனில் எண்ணை அழுத்தினால் சில வினாடி மௌனம், பிறகு துண்டிப்பு. வெளியிலிருந்து அழைப்பவருக்குத் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதில் வரும். போனோ கையிலேயே இருக்கும், நாலு பாயிண்டோடு. போன் சுடும், மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும். நாலாவதுதான் துப்பு: அதே முற்றத்தில் பழைய 2ஜி பட்டன் போனில் கால் போகிறது.

ஊரில் கேட்டால் காரணம் பனிமூட்டம் என்பார்கள். 900 முதல் 2300 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளுக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. நனைந்த இலை சிக்னலைக் குடிக்கும், மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் டவர் படுக்கும். பனி வரும் நாளும் இவை நடக்கும் நாளும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால் பழி பனிமேல் விழுகிறது.

பாயிண்ட் என்பது என்ன

திரையில் தெரியும் பாயிண்ட், டவர் பேசுவது போனுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அளவு மட்டுமே. போன் பேசுவது டவருக்குக் கேட்கிறதா, கேட்டாலும் உரிய நேரத்துக்குள் கேட்கிறதா என்பது அதில் தெரியாது. எத்தனை டெசிபலுக்கு எத்தனை பாயிண்ட் என்பதற்குப் பொது விதியும் கிடையாது. ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. ஆகவே ஆய்வின் முதல் வேலை பாயிண்டை மறந்துவிட்டு எண்ணைப் பார்ப்பது.

பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* அழுத்தினால் சோதனைப் பக்கம் திறக்கும். ஐபோனில் *3001#12345#* அழுத்தி அழைக்க வேண்டும். செல் விவரம் காட்டும் இலவச செயலிகளும் உண்டு. குறித்துக்கொள்ள வேண்டியவை ஐந்து: செல்லின் அடையாள எண் (செல் என்பது ஒரு டவர் ஒரு பக்கமாகப் பரப்பும் சிக்னல் பகுதி), பிசிஐ என்னும் 0 முதல் 503 வரையான எண் (பக்கத்துச் செல்களைப் போன் பிரித்தறிவது இதை வைத்து), எந்த அலைவரிசை, ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர். ஆர்எஸ்ஆர்பி என்பது அந்தச் செல்லின் அடையாளச் சிக்னலின் வலிமை. டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் டெசிபல் அளவு. மைனஸ் 80 டிபிஎம் அருமை, மைனஸ் 95 பரவாயில்லை, மைனஸ் 110 தள்ளாட்டம், மைனஸ் 120 கடைசி மூச்சு. எஸ்ஐஎன்ஆர் என்பது வேண்டிய சிக்னல் வேண்டாத இரைச்சலைவிட எத்தனை டெசிபல் மேலே நிற்கிறது என்ற கணக்கு. 4ஜியில் அது மைனஸ் 6 அருகே இறங்கினால் இணைப்பு நிற்பதே கஷ்டம். செல் அடையாள எண்ணை 256ஆல் வகுத்தால் வரும் ஈவு டவரின் எண். மீதி, அதில் எந்தச் செல் என்பது.

முற்றத்தில் ஒரு தடவை, அடுப்படியில் ஒரு தடவை பார்த்தால் இரண்டு இடத்திலும் டவர் எண்ணே வேறு. அடுப்படியில் பிடிப்பது கோத்தகிரிப் பக்கத்து டவர். முற்றத்தில் பிடிப்பது மேட்டுப்பாளையத்து டவர்.

பதினாறு கிலோமீட்டர் எப்படி ஜெயிக்கிறது

கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ரோட்டு வழி நீளம். பறவை வழியில் சுமார் 16 கிலோமீட்டர்தான். இடையில் மறிக்க ஒன்றுமில்லை. ஹட்டி 1700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அருகே. உள்ளூர் டவர் 2 கிலோமீட்டரில் இருந்தாலும் நடுவே ஒரு மேடு குறுக்கே கிடக்கிறது: வீட்டிலிருந்து 800 மீட்டரில், நேர்கோட்டுக்கு மேல் 60 மீட்டர் துருத்திக்கொண்டு.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு டவரும் 900 மெகாஹெர்ட்ஸில் 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 40 வாட் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 40 வாட் என்பது 46 டிபிஎம். அது 600 துணை அலைகளுக்குப் பிரிகிறது, ஆளுக்கு 18. ஆன்டெனா 15.5 டெசிபல் கூட்டும். மொத்தம் ஏறக்குறைய 34.

சமவெளி டவருக்கு 16 கிலோமீட்டர் வெட்டவெளி இழப்பு 116 டெசிபல். அந்த டவரிலிருந்து பார்த்தால் ஹட்டி கிடைமட்டத்துக்கு 4.8 டிகிரி மேலே. பேனல் ஆன்டெனா 2 டிகிரி கீழே சாய்ந்திருந்தால், கற்றையின் நடுவிலிருந்து ஹட்டி 6.8 டிகிரி விலகி நிற்கிறது. 900இல் 2 மீட்டர் நீளப் பேனலின் செங்குத்துக் கற்றை ஏறக்குறைய 10 டிகிரி அகலம். அந்த விலகலுக்கு இழப்பு 5.5 டெசிபல்தான். முற்றத்தில் வந்து சேருவது மைனஸ் 88.

உள்ளூர் டவருக்கு 2 கிலோமீட்டர் இழப்பு 97.5. மேட்டின் விளிம்பில் வளைந்து இறங்க இன்னும் 29.5. சில்வர் ஓக்கும் கற்பூர மரமும் குடிப்பதற்கு 8 டெசிபல் வைத்தால் வந்து சேருவது மைனஸ் 101. எட்டு மடங்கு தூரத்தில் இருப்பது 13 டெசிபல் முந்துகிறது, அதாவது இருபது மடங்கு வலிமை. சும்மா இருக்கும் போன் எந்தச் செல்லில் தங்குவது என்று முடிவு செய்வது கேட்கும் வலிமையை வைத்துத்தான். அது சமவெளிக்குப் போவதில் அதன் குற்றம் ஒன்றுமில்லை.

அடுப்படி வீட்டின் மலைப் பக்கம். முன்கட்டின் கல்சுவரும் தகரக் கூரையும் சமவெளிச் சிக்னலை மறைக்கின்றன, மேட்டைத் தாண்டி மேலிருந்து வருவது பின்கதவு வழியாக நுழைகிறது. வலிமை குறைவு, போட்டிக்கு ஆள் இல்லை. அதனால் பேச முடிகிறது.

1800 மெகாஹெர்ட்ஸில் நிலைமை கொஞ்சம் மாறும். அதே நீளப் பேனலில் கற்றை பாதியாக ஒடுங்குவதால் சமவெளிச் சிக்னல் அவ்வளவு மேலே ஏறாது. மேட்டைத் தாண்டுவதில் 3 டெசிபல் கூடுதலாகப் போகும். தாழ்ந்த அலைவரிசைதான் மலைக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். பள்ளத்துக்கும் காட்டுக்கும் அது சரி. சமவெளியைப் பார்க்கும் விளிம்பில் 900தான் அதிகம் படுத்துகிறது.

கேட்கிறது, ஏன் போகவில்லை

இந்த ஆய்வின் மையம் இதுதான். போன் அழைப்பைத் தொடங்க முதலில் டவரின் கதவைத் தட்ட வேண்டும். 4ஜியில் அந்தத் தட்டலுக்குப் பிரியாம்பிள் என்று பெயர். மொத்தம் 64 வகைத் தட்டல்; போன் அதில் ஒன்றை எடுத்து அனுப்பும், டவர் “இத்தனையாம் எண் தட்டலே, வா” என்று பதில் சொல்லும். சாதாரணமாக வைத்திருக்கும் முதல் வடிவத்தில் தட்டல் 800 மைக்ரோவினாடி, அதன் பிறகு 97 மைக்ரோவினாடி காலி இடம். தூரத்திலிருந்து தாமதமாக வருபவருக்கு விட்ட இடம் அது. அலை போய்வர 97 மைக்ரோவினாடி என்றால் தூரம் 14.5 கிலோமீட்டர். ஹட்டியிலிருந்து போய்வர 107 மைக்ரோவினாடி. அங்கேயே கணக்கு இடிக்கிறது.

நடைமுறையில் அதற்கு முன்பே இடிக்கும். 64 தட்டலும் 839 புள்ளி கொண்ட மூலத்தொடரை வட்டமாக நகர்த்தி நகர்த்தி வெட்டியவை. எவ்வளவு நகர்த்துவது என்பதைத்தான் செல்லின் ஆரமாக அமைப்பில் போடுகிறார்கள். 76 புள்ளி நகர்வு வைத்தால் 10 கிலோமீட்டர் அளவுக்குச் சரிவரும். ஊரை ஒட்டிய டவருக்கு அது தாராளம். 76 புள்ளி என்பது நேரத்தில் 72.5 மைக்ரோவினாடி. 107 மைக்ரோவினாடி தாமதமாக வரும் தட்டல் தன் சன்னலைத் தாண்டிப் பக்கத்து எண்ணின் சன்னலில் போய் விழுகிறது. மீதி 34 மைக்ரோவினாடிதானே. 5 கிலோமீட்டரில் யாரோ பக்கத்து எண்ணைத் தட்டுவதாக டவர் நினைத்து, அந்த எண்ணுக்குப் பதில் அனுப்பும். ஹட்டியில் உள்ள போன் தன் எண்ணுக்குக் காத்திருக்கிறது. பதில் வரவில்லை என்று இன்னும் 2 டெசிபல் ஏற்றித் தட்டும், மறுபடியும் ஏற்றும். வழக்கமாகப் பத்துத் தடவை வரை. கடைசியில் 200 மில்லிவாட் முழுப் பலத்தில் கத்திக்கொண்டிருக்கும். போன் சுடுவதும் சார்ஜ் கரைவதும் இதனால்.

வரும் அழைப்பு கிடைக்காததற்கும் இதே வேர். மலைச் செல்களும் சமவெளிச் செல்களும் வெவ்வேறு தடப்பகுதி எண்ணில் (போனை எந்த வட்டாரத்தில் தேடுவது என்று நெட்வொர்க் வைத்திருக்கும் எண்) இருந்தால், சமவெளிச் செல்லுக்கு மாறிய போன் “நான் இங்கே வந்துவிட்டேன்” என்று பதிவு செய்ய வேண்டும். பதிவுக்கும் கதவைத் தட்டியாக வேண்டும். முடியவில்லை. நெட்வொர்க் இன்னும் மலைப் பக்கத்தில் தேடுகிறது, போன் சமவெளிக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பட்டன் போன் தப்பித்தது எப்படி? 2ஜியில் நேர முன்னேற்றம், அதாவது தூரத்துக்கு ஏற்றபடி போன் எவ்வளவு முன்கூட்டி அனுப்ப வேண்டும் என்று டவர் சொல்லும் படி, 0 முதல் 63 வரை. ஒரு படி ஏறக்குறைய 550 மீட்டர், கடைசி எல்லை 35 கிலோமீட்டர். 16 கிலோமீட்டருக்கு 29ஆம் படியே போதும். அதே 2ஜி போன், 46 கிலோமீட்டரில் தெரியும் கோயம்புத்தூர் டவரைப் பிடித்தால் தோற்றுவிடும்.

செய்து பார்க்கத் தோன்றுபவை, அவற்றில் எது வேகும்

முதலில் தோன்றுவது, மலைச் செல்லின் அறிவிப்பில் சமவெளிச் செல்லின் பிசிஐயைத் தடைப்பட்டியலில் போடுவது. போன் அங்கே தாவாது. மேசையிலிருந்தே செய்யக்கூடியது, செலவில்லாதது. இங்கே இது கோளாறைக் கூட்டும். இரண்டு டவரும் ஒரே அலைவரிசை. மலைச் செல் மைனஸ் 101, சமவெளி மைனஸ் 88. போனை மலைச் செல்லிலேயே கட்டிப்போட்டாலும் எஸ்ஐஎன்ஆர் மைனஸ் 13. கட்டிப்போடலாம், பேச முடியாது. போதாததற்கு பிசிஐ மொத்தமே 504தான். திரும்பத் திரும்ப வரும். தடைபோட்ட அதே எண்ணில் மலையில் இன்னொரு செல் இருந்தால் அதற்கும் சேர்த்துத் தடை விழும்.

பிசிஐ மோதல் தனியாகவும் வரும். மலைச் செல்லின் அண்டைப் பட்டியலில் (அழைப்பைக் கைமாற்றத் தகுந்த செல்களின் பட்டியல்) 214 என்ற பிசிஐ பக்கத்து டவருக்குரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியிலும் ஒரு 214 இருந்து அது இங்கே கேட்டால், போன் “214 நன்றாகக் கேட்கிறது” என்னும், நெட்வொர்க் பக்கத்து டவரைத் தயார்செய்யும், போன் வேறு கதவில் நிற்கும். கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் பஸ்ஸில் கால் அறுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை. அண்டைப் பட்டியலைத் தானாகச் சேர்க்கும் வசதியை மலை விளிம்பில் அப்படியே ஓடவிடக் கூடாது. அது 40 கிலோமீட்டர் தள்ளியிருப்பவரையும் அண்டை வீட்டுக்காரர் ஆக்கிவிடும்.

இரண்டாவது வழி, சமவெளிச் செல்லின் ஆரத்தைக் கூட்டுவது. நகர்வை 167 புள்ளி ஆக்கினால் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் சரிவரும். ஆனால் தட்டலின் முதல் வடிவம் 14.5க்கு மேல் போகாது, ஆகவே 77 கிலோமீட்டர் வரை தாங்கும் அடுத்த வடிவத்துக்கும் மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றாவிட்டால் பயனில்லை. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு “பார்த்தாச்சு, சரியாகலை” என்று மூடிவிடுவது எளிதில் நடக்கக்கூடிய தவறு. விலையும் உண்டு: தட்டலுக்கு ஒதுக்கும் இடம் 1 மில்லிவினாடியிலிருந்து 2 ஆகும்; ஒரு செல்லுக்கு 6 மூலத்தொடர் போதுமாயிருந்தது 13 ஆகும், சுற்றுச் செல்களோடு மோதாமல் மறுபடி பங்கிட வேண்டும்.

செய்தால் முற்றத்தில் கால் போகும். நேர முன்னேற்றம் 205 அருகே காட்டும். 4ஜியில் ஒரு படி 78 மீட்டர், பெருக்கினால் 16 கிலோமீட்டர். அவசரத்துக்கு இது சரியான மருந்து. ஆனால் செல்லை வைத்து இருப்பிடம் கணித்தால், 112க்கு அழைக்கும் ஹட்டிக்காரர் மேட்டுப்பாளையத்தில் இருப்பதாகத் தெரியும். நடந்து மேட்டைத் தாண்டினால் அழைப்பை மலைச் செல்லுக்குக் கைமாற்ற, அண்டைப் பட்டியலில் இரு பக்கமும் பதிவு வேண்டும்.

மூன்றாவது, சமவெளிப் பேனலின் சாய்வைக் கூட்டுவது. 2 டிகிரியை 6 ஆக்கினால் ஹட்டி 10.8 டிகிரி விலகிப் போகும், இழப்பு 14 டெசிபல், முற்றத்தில் மைனஸ் 96. எட்டரை டெசிபல் லாபம். ஆனாலும் மலைச் செல் இன்னும் 5 டெசிபல் கீழே. சாய்வை மேலும் கூட்டினால் முதன்மைக் கற்றைக்கு மேலே இருக்கும் பக்கக் கற்றை ஒன்று மலைமேல் விழத் தொடங்கும், அதற்கு மேல் லாபம் இல்லை. சமவெளிக்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. 40 மீட்டர் டவரில் 2 டிகிரி என்றால் கற்றையின் நடு 1150 மீட்டரில் தரையைத் தொடும். 6 டிகிரியில் 380 மீட்டரிலேயே தொட்டுவிடும். மலையடிவாரத் தோட்டங்களும் கல்லாறு பக்கத்து ரோடும் அந்தச் செல்லை நம்பியிருந்தால் அங்கே புகார் கிளம்பும். மலைக்கும் சமவெளிக்கும் பராமரிப்புக் குழு வேறு வேறாக இருந்தால் இந்த நாலு டிகிரி மாதக்கணக்கில் கடிதத்திலேயே சாயும். 4 டிகிரியில் நிறுத்துவதும், மலையைப் பார்க்கும் செக்டாரை (ஒரு பக்கத்தைப் பார்த்திருக்கும் ஆன்டெனா) பத்து இருபது டிகிரி பக்கவாட்டில் திருப்புவதும்தான் சமரசம்.

கணக்கு தெளிவாகச் சொல்வது ஒன்று: ஒரே அலைவரிசையில் இருக்கும்வரை, மலைச் சிக்னல் சமவெளிச் சிக்னலைவிட முற்றத்தில் உரக்கக் கேட்டாக வேண்டும். அமைப்பு எண்களைத் திருகி அதைக் கொண்டுவர முடியாது.

ஹட்டிக்குள் ஒரு சிறு டவர்

15 மீட்டர்க் கம்பம், 5 வாட், 11 டெசிபல் ஆன்டெனா. 300 மீட்டரில் இழப்பு 81. சுவருக்கும் மரத்துக்கும் 15 வைத்தாலும் முற்றத்தில் மைனஸ் 76 கிடைக்கும். சாய்வைத் தொடாத சமவெளிச் சிக்னலையே 12 டெசிபல் முந்துகிறது. இவ்வளவு சின்ன டவர் போதும் என்பதை ஊர்க்கூட்டத்தில் நம்பவைப்பது கஷ்டம். உயரமான டவர்தான் கேட்பார்கள். உயர டவர் இங்கே கீழ்ச் சரிவுக்கும் சமவெளிக்கும் சேர்த்துக் கத்தும். இதே நோய் தலைகீழாகத் தொடங்கும்.

பின்வழி இணைப்பு, அதாவது டவரை நெட்வொர்க்கோடு சேர்க்கும் இணைப்பு, ஃபைபராகக் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் மைக்ரோவேவ். 15 கிகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டர் இணைப்புக்கு நடுவில் முதல் ஃப்ரெனல் வளையத்தின் (நேர்கோட்டைச் சுற்றி அலைக்கு வேண்டிய இடம்) ஆரம் 5 மீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது 3 மீட்டர், மரம் படாமல் இருக்க வேண்டும். சில்வர் ஓக் வளரும் மரம். கம்பம் நடும் நாளில் தெளிவாக இருந்த பாதை சில வருடத்தில் அடைபடும். மழை நாளில் மட்டும் இணைப்பு விழுகிறது என்றால் தொலைநோக்கியோடு ஏறிப் பார்க்க வேண்டியது மரத்தை.

மின்சாரம் அடுத்த தலைவலி. வடகிழக்குப் பருவமழையில் இந்தச் சரிவில் மரம் விழும், கரண்ட் போகும். சிறு டவரின் சுமை 600 வாட் என்றால் 48 வோல்ட்டில் 12.5 ஆம்பியர், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் தொண்ணூறு சதவீதம் எடுத்தால் 14 மணி நேரம் தாங்கும். ஒரு இரவு. இரண்டாம் நாளும் லைன் வராவிட்டால் ஜெனரேட்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வர வழி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து இடம் தேர்வு செய்ய வேண்டும். ஆன்டெனாவுக்குப் போகும் ஜம்பர் கேபிளின் முனையில் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், ஓடு வேய்வது போல. மேலிருந்து கீழாகச் சுற்றினால் மடிப்புக்குள் தண்ணீர் இறங்கி, சக்தி ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வரும். டவர் உயிரோடு இருப்பதாகத் திரையில் காட்டும், ஊரில் சிக்னல் இருக்காது.

2300 மெகாஹெர்ட்ஸை இந்த விளிம்பில் சேர்ப்பதானால் கவனம் தேவை. அங்கே அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில், நேரம் பிரித்து. நடுவில் இரண்டு குறியீட்டு நேரம் (சிக்னலின் ஒரு துண்டு நீடிக்கும் நேரம்) இடைவெளி விட்டால் 143 மைக்ரோவினாடி, அதாவது 43 கிலோமீட்டர். கோயம்புத்தூர் 46 கிலோமீட்டர். அங்கிருந்து அனுப்பியதன் வால், இங்கே போன்களைக் கேட்க வேண்டிய நேரத்தின் தலையில் வந்து விழும். தெற்கு நோக்கிய செக்டாரைத் தவிர்ப்பது அல்லது இடைவெளியை நீட்டுவது, இரண்டில் ஒன்று.

அதுவரை ஊர்க்காரர் செய்யக்கூடியவை

ஃபைபர் இணைய இணைப்பு உள்ள வீட்டில் வைஃபை காலிங்கைப் போட்டுவிடலாம். இருப்பதில் நல்ல தீர்வு அது. இல்லாதவர்கள் வீட்டின் மலைப் பக்கம் போய், விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தால் போன் புதிதாகத் தேடி மலைச் செல்லைப் பிடிக்கும். முற்றத்திலேயே நின்று போட்டு எடுத்தால் மறுபடி மேட்டுப்பாளையம்தான். 2ஜி இன்னும் ஓடும் நெட்வொர்க் என்றால் பேச்சுக்கு மட்டும் போனை 2ஜிக்கு மாற்றலாம்.

ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்கிக் கூரையில் மாட்டுவது கூடாது. அனுமதியில்லாமல் வைப்பது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். இந்த ஊரில் அது கூரையிலிருந்து பிடிப்பது சமவெளியைத்தான். தப்பான டவரை அடுப்படிக்குள்ளும் கொண்டுவந்து, பேச முடிந்த ஒரே இடத்தையும் கெடுத்துவிடும்.

சிறு டவர் ஓடத் தொடங்கியதும் சரிபார்ப்பு முற்றத்திலேயே. டவர் எண் புதியதாக இருக்க வேண்டும், நேர முன்னேற்றம் 0 முதல் 4க்குள், எஸ்ஐஎன்ஆர் 10 அருகே. பிறகு மேட்டுக்கு மேலும், தேயிலைக்குள் கீழேயும், பஸ் நிறுத்தம் வரையும் பேசிக்கொண்டே நடந்து போய்வர வேண்டும், கைமாறும் இடங்களைக் குறித்தபடி. சமவெளிப் பேனலின் சாய்வை மாற்றியிருந்தால் அதே வாரத்தில் கல்லாறு பக்கத்திலும் ஒரு நடை.